சிஸ்டரிடம் கேளுங்கள்: பிழைத்துவிட்டார் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

கார்த்திகை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சாலை விபத்து பற்றியவை கூடிவிடும். மழை பெய்து கண்மாயும் ஊருணியும் நிரம்பிக் கிடக்கும் காலம். காற்று அசையாத இரவுகளில் பனி இறங்கி, விடியற்காலைச் சாலையை மூடிக்கொள்ளும். விபத்துப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்த நாங்கள் மார்கழி வருகிறது என்றாலே கூடுதலாகக் கட்டுத்துணி எடுத்து வைப்போம். இந்த இதழில் பள்ளத்தூர் வாசகியின் கடிதத்துக்கு நீண்ட பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், சென்ற ஆண்டு மார்கழியில் பிள்ளையார் நோன்பன்று விடியற்காலை, நோன்புக்காகச் சென்னையிலிருந்து வந்த கொழுந்தனாரை அழைத்துவர என் கணவர் பைக்கில் போனார். கானாடுகாத்தான் விலக்குக்குச் சற்று முன்னால் ஒரே பனி. பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நின்ற செங்கல் டிராக்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. மோதி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, தலையிலும் பலத்த காயம். அந்த வழியாக வந்த ஒரு பால்காரர் தன் வண்டியை விளக்கெரியச் சாலையில் நிறுத்தி, மற்ற வண்டிகள் மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டார். பக்கத்து டீக்கடை அம்மா துண்டை மடித்துத் தலைக்காயத்தில் அழுத்திப் பிடித்தார். இராமேஸ்வரம் போகும் ஐயப்ப பக்தர்களின் வேன் ஒன்று நின்றது. தெலுங்கு பேசுகிறவர்கள். ஒருவர் என் கணவரின் தலையை அசையவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாராம். இன்னொருவர் தன் கறுப்புச் சால்வையைப் போர்த்தினாராம். 108 வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர்கள் நகரவில்லை. சங்கிலி, பர்ஸ், கைப்பேசி எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன.

கணவர் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். பால்காரரை விசாரித்து வீட்டுக்கு வரச் சொன்னோம். என் மாமியார் ஒரு கவரைக் கொடுத்தார். "வேண்டாம் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகம் வாடிப்போயிருந்தது. இப்போது எங்கள் தெருப்பக்கம் வந்தாலும் நின்று பேசுவதில்லை. டீக்கடை அம்மாவை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஐயப்பமார் யார், எந்த ஊர் என்றே தெரியாது. சால்வை மட்டும் என்னிடம் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்வது?

— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் கணவர் பிழைத்துவிட்டார் என்பது அந்த டீக்கடை அம்மாவுக்குத் தெரியுமா?

நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு வாசலில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், கூட்டிவந்தவர் கதவோரமாக நின்றுவிடுவார். கைகளை உடம்போடு ஒட்டவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பார். விரல் இடுக்கில் ரத்தம் காய்ந்து கறுத்திருக்கும். குழாயடியைக் காட்டினால் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் நிற்பார். உறவுக்காரர்கள் அழுதுகொண்டு வந்து சேரும்போது மெல்ல ஒதுங்கிக்கொள்வார். யாரும் அவரைக் கவனிக்க மாட்டார்கள், கவனிக்கும் நிலையிலும் இருக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "பிழைத்துக்கொள்வாரா சிஸ்டர்?" அந்த நேரத்தில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. "டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்போம். அதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

சிமெண்ட் லாரி ஓட்டும் ஒருவர் ஒரு கல்லூரி மாணவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலைக்காயம். பையனை மதுரைக்கு அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு காரைக்குடிப் பக்கம் லோடு வரும்போதெல்லாம் அவர் லாரியை வெளியே நிறுத்திவிட்டு வந்து, "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்பார். எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு மதுரையில் வேலை பார்த்த தோழி ஒருத்தி விசாரித்து, பையன் வீடு திரும்பிவிட்டான் என்று சொன்னாள். அடுத்த முறை வந்தபோது அவரிடம் சொன்னேன். பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தவர் அதை அப்படியே திருப்பி வைத்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார். பிறகு, "என் வீட்டில் தினமும் கேட்கிறார்கள் சிஸ்டர்" என்றார். அந்த வீட்டில் ஒரு குடும்பமே முகம் தெரியாத பையனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உதவி செய்தவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது எதுவும் இருக்குமானால், அது இந்தத் தகவல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே நாளையே டீக்கடைக்குப் போங்கள். கணவரை அழைத்துக்கொண்டு போங்கள். கைத்தடியோடு அவர் வண்டியிலிருந்து இறங்கி நடந்து வருவதை அந்த அம்மா பார்க்க வேண்டும்.

போகும்போது அவர் செய்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். "ரொம்ப நன்றி அம்மா" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம். சின்னக் காயமே குபுகுபுவென்று ஊற்றும். கையெடுக்காமல் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள், நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள், உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி உடைத்துக்கொள்ளும். அந்த அம்மா எடுத்துப் பார்க்காமல் பிடித்திருக்கிறார். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

தலையைப் பிடித்திருந்தவர் காத்தது கழுத்தெலும்பையும் தண்டுவடத்தையும். விழுந்தவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உட்காரவைத்ததால் கைகால் விளங்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கறுப்புச் சால்வையும் பெரிய காரியம் செய்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நிறைய ரத்தம் போகும். ரத்தம் போகப் போக உடம்பு குளிரும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகும், அதனால் இன்னும் ரத்தம் போகும். மார்கழி விடியற்காலையில், நனைந்த தார்ச்சாலையில் கிடக்கும் மனிதருக்கு இதுதான் பெரிய ஆபத்து. போர்த்தியவர் இதெல்லாம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நடுங்குகிற உடம்பைப் பார்த்ததும் தன் சால்வையை எடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலை போட்டவர்கள் விரத காலத்தில் தீட்டுக்கு எவ்வளவு அஞ்சுவார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் ரத்தம் தோய்ந்த உடம்பைத் தொட்டு, மொழி தெரியாத ஊரில், ஈர மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் யாரானாலும் சாமி என்று அழைப்பது அவர்கள் வழக்கம். உங்கள் கணவரையும் அப்படித்தான் அழைத்திருப்பார்கள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

அவர்களைத் தேட வழி இருக்கிறது. வெளிமாநில ஐயப்ப பக்தர்கள் பலர் ஆண்டுதோறும் ஒரே குருசாமியின் தலைமையில் வருவார்கள். வழியும் பெரும்பாலும் பழைய வழிதான்: திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, இராமேஸ்வரம். பழகிய டீக்கடையில்தான் வண்டியை நிறுத்துவார்கள். வேன்கள் வரத் தொடங்கிவிட்டன. உங்கள் கணவர் நின்றுகொண்டிருக்கும் ஒரு புகைப்படம், அதன் பின்னால் தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதிய நான்கு வரி, உங்கள் தொலைபேசி எண். இவற்றை டீக்கடை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். அதே வேன் வரலாம், வராமலும் போகலாம். வேறு வேனில் வருகிறவர்கள் படித்துவிட்டு ஊரில் போய்ச் சொன்னாலும் சொல்வார்கள். சால்வையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று தவிக்காதீர்கள். வரும் குளிருக்கு உங்கள் கணவர் போர்த்திக்கொள்ளட்டும்.

இனி பால்காரர். உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. கைம்மாறு செய்யாமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை. ஆனால் நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று யாரை எதுவரை விடுவது என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் எழுதாத சட்டம் இருக்கிறது. அவரை எதுவரை வரச் சொன்னீர்கள்? உட்காரச் சொன்னீர்களா? உங்கள் வீட்டு ஆண்மகனின் உயிரைக் காத்துக் கொடுத்தவர், அங்கே கூலி வாங்க வந்தவரைப் போல நின்றிருக்கிறார். முகம் வாடாமல் என்ன செய்யும்?

இந்த முறை நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். மாலைக் கறவை முடிந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அவர் வீடு திரும்பிய பிறகு போங்கள். கூட்டமாகப் போக வேண்டாம், நீங்களும் கணவரும் போதும். முடிந்தால் மாமியாரும் வரட்டும், அவர் வந்தால் அந்தக் கவர் தந்த வருத்தம் தீரும். கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டி வேண்டாம். வீட்டில் சுட்ட கருப்பட்டிப் பணியாரம் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் வீட்டில் காபி கொடுத்தால் குடியுங்கள். உங்கள் கணவரே பேசட்டும். அன்று நடந்ததில் தனக்கு எது நினைவிருக்கிறது, எது இல்லை என்று அவர் சொல்லிக் கேட்டால், பால்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவருக்கும் சொல்லித் தீர்க்க வேண்டியது இருக்கும். ரத்தம் பார்த்துப் பழகாத மனிதர் அவர். அந்தக் காலை அவர் தூக்கத்தையும் கெடுத்திருக்கும்.

பணம் கொடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அவர் வீட்டில் காதுகுத்து வரும், கல்யாணம் வரும். பத்திரிகை கேட்டு வாங்கிக்கொண்டு போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, சொந்தக்காரரைப் போல மொய் எழுதுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரை அழையுங்கள். அவரும் வந்து எழுதுவார். அதை வாங்கிக்கொள்ளவும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அடிபட்ட ஒருவரை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். பெயர், முகவரி, ஆதார் எல்லாம் கொடுத்தால்தான் விடுவோம் என்றார்கள். முன்பணம் கட்டச் சொன்னார்கள். போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அடுத்த முறை நான் நிறுத்துவதா, வேண்டாமா?

— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நிறுத்துங்கள். அந்த மருத்துவமனையில் உங்களிடம் நடந்துகொண்டது தவறு, சட்டத்துக்கும் விரோதம்.

விபத்தில் உதவுகிறவர்களைக் காக்க 2015இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களை, 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. அடிபட்டவரின் குடும்பத்தைச் சேராதவரிடம் சேர்க்கைக்குப் பணம் கேட்கக் கூடாது, அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அந்த உதவியின்போது ஏதேனும் நேர்ந்துவிட்டது என்று உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது. 2020 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, பெயரையும் முகவரியையும் சொல்லச் சொல்லிப் போலீஸார் உட்பட யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. நீங்களாக விரும்பிச் சொன்னால் சொல்லலாம். சாட்சியாக இருக்கச் சம்மதித்தால், உங்களுக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும்தான் விசாரிக்க வேண்டும், உங்கள் ஆட்டோ ஸ்டாண்டாக இருந்தாலும் சரி. இந்த உரிமைகளை மருத்துவமனை வாசலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை போகும்போது, "அந்தப் பலகை எங்கே?" என்று கேளுங்கள்.

சிகிச்சைச் செலவைப் பற்றிய கவலையும் உங்களுக்கு வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குகிறவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரம்புக்கு உட்பட்டு அரசு ஏற்றுக்கொள்கிறது. தனியார் மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் எந்த மருத்துவரும் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

படுகாயமடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காத்தவருக்கு மத்திய அரசு பரிசும் தருகிறது. 2021இல் 5,000 ரூபாயாகத் தொடங்கிய தொகை 2025இல் 25,000 ரூபாயானது. காவல் நிலையமோ மருத்துவமனையோ எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவு செய்யும். இதற்கு அலைய வேண்டியவர் நீங்கள் அல்ல. பிழைத்தவரின் குடும்பத்தார் உங்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அவர்களே அலைந்து வாங்கித் தர வேண்டும். அவர்கள் இதைப் படிக்கிறார்களா என்று தெரியவில்லை. படித்தால், தயவுசெய்து இந்த ஆட்டோக்காரரைத் தேடிப் போங்கள்.

கேள்வி: என் மகன் வழியில் எந்த விபத்தைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிடுகிறான். ராத்திரி ரத்தக்கறையோடு வீட்டுக்கு வருகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களாவது அவனுக்குச் சொல்லுங்கள்.

— ஒரு தாய், திருப்பத்தூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பனியில் நடுரோட்டில் நிற்கிறவர்கள் மேல் அடுத்த வண்டி ஏறிய கொடுமையையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அவனிடம் சொல்லுங்கள்: முதலில் உன் வண்டியைச் சாலையை விட்டு இறக்கி, விட்டு விட்டு எரியும் விளக்கைப் போடு. ஒருவரைப் பின்னால் தள்ளி நிறுத்தி டார்ச்சோ கைப்பேசி வெளிச்சமோ காட்டச் சொல். பிறகு அடிபட்டவரிடம் போ. ரத்தத்தைத் தொடும் முன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள். நிறுத்தாதே என்று மட்டும் அவனிடம் சொல்ல என்னால் முடியாது அம்மா. நீங்களும் சொல்ல வேண்டாம். இரவு அவன் வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுங்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தான் பார்த்ததையெல்லாம் அவன் தனியாகச் சுமக்கக் கூடாது.

கேள்வி: ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: 108ஐ அழைத்து, ஊர்ப் பெயரோடு பக்கத்து விலக்கு, பாலம், கோயில் வளைவு என்று ஓர் அடையாளமும் சொல். பனியில் டிரைவருக்கு அதுதான் உதவும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்து. தண்டவாளம்போல நேராகக் கிடத்துகிறேன் என்று இழுக்காதே, கிடக்கிறபடியே கிடக்கட்டும். தலையும் கழுத்தும் அசையக் கூடாது. மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். கிடைத்ததைப் போர்த்து, முடிந்தால் உடம்புக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் ஒரு சாக்கையாவது செருகு, அதற்காக அவரைப் புரட்ட வேண்டாம். சோடா, தண்ணீர், டீ எதுவும் வாயில் ஊற்றாதே. நம் ஊரில் முதலில் சோடாவைத்தான் உடைப்பார்கள், அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரோடு பேசிக்கொண்டே இரு. பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கப் போகிறோம். வயதானவர்களும் வருகிறார்கள். ஏதாவது அறிவுரை?

— ஒரு பக்தர், குன்றக்குடி

பதில்: வெயிலுக்கு அஞ்சி இருட்டிலேயே நடக்கத் தொடங்குவீர்கள், அந்த நேரத்தில்தான் பனியும் இருக்கும். ஒளிரும் பட்டையை முதுகுப்பக்கமும் கணுக்காலிலும் ஒட்டிக்கொள்ளுங்கள். வலது ஓரமாக, வண்டிகள் எதிரே வருவது தெரியும்படி ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முன்னால் போகிறவரிடம் டார்ச்சும் கடைசியாக வருகிறவரிடம் சிவப்பு விளக்கும் இருக்கட்டும். கால் ஓய்ந்து தார்ச்சாலை ஓரத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவது வழக்கம், அது வேண்டவே வேண்டாம். அன்னதானப் பந்தலோ சத்திரமோ பார்த்துப் படுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள். வண்டியை ஓரம் கட்டினால் பின்விளக்கை எரியவிடுங்கள். பின்விளக்கு எரியாத டிராக்டரை, பாரம் ஏற்றும் முன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள்.